சிங்கைத் தெருக்களில் ஒரு குடும்பம்

சபர் என்னும் அறபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாட்டு வண்டியில் போய் வந்தாலும் அது சபர்தான். நம் தஞ்சைத் தரணி முஸ்லிம்களோ அச்சொல்லை எடுத்து வேறு விதமாகப் பழக்கிக்கொண்டார்கள். 'அவர் சபரில் இருக்கிறார்' என்று ஒரு வீட்டில் சொன்னால், அவர் கடலுக்கு அப்பால் பொருளீட்டப் போயிருக்கிறார் என்று அறிய வேண்டும். போனவர் சபுராளி. அவர் ஒரே நகரில், ஒரே தெருவில், ஒரே கடையில் முப்பது ஆண்டுகள் இருந்திருந்தாலும் சபுராளியே. முப்பது ஆண்டுகள் நீடிக்கும் பயணம் எங்கேனும் உண்டா என்று எவரும் கேட்டதில்லை.

மார்க்கச் சட்டம் இவ்விஷயத்தில் வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஹனஃபி மத்ஹபின்படி, ஓரூரில் பதினைந்து நாட்கள் தங்குவதென்று நிய்யத் செய்துவிட்டவன் பயணி அல்லன். முகீம், அதாவது தங்கியவன். ஷாஃபிஈ மத்ஹபில் நான்கு நாட்களே போதும். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழும் சலுகை அத்தோடு நீங்கிவிடும். ஹனஃபி சட்ட நூலார் இன்னொன்றையும் சொல்வர். ஒருவனுக்குச் சொந்த ஊர் என்பது அவன் பிறந்த ஊர் மட்டுமன்று. அவன் மனைவி மக்களோடு குடியமர்ந்த ஊரும் அவனுக்குச் சொந்த ஊரே. உத்மான் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக்காலத்தில் ஹஜ்ஜின்போது மினாவில் சுருக்காமல் நான்கு ரக்அத் தொழுவித்தார்கள். அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, அவர்கள் மக்காவில் குடும்பம் அமைத்திருந்தார்கள் என்பது. அந்த அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் கலை வல்லார் குறை கண்டிருக்கின்றனர். எனினும் குடும்பம் இருக்கும் இடமே ஊர் என்ற கருத்து சட்ட நூல்களில் வேரூன்றி நிற்கிறது.

இந்தப் பாடத்தை நாம் மதறஸாவில் ஓதிய நாளில் நம் பாட்டனாரை நினைத்துக்கொண்டதில்லை. அண்மையில் சிங்கப்பூர் சென்று பன்னிரண்டு நாட்கள் தங்க நேர்ந்தபோதுதான் இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

நம் பாட்டனார் 1936-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் சென்றவர். சேஞ்ச் அல்லி எனப்பட்ட சந்தில் பணம் மாற்றும் கடையொன்றில் கணக்குப் பார்த்தார். 1968-இல் நிரந்தரமாக ஊர் திரும்பினார். இடைப்பட்ட முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் பாட்டியோடு ஊரில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்தாண்டு தேறாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபின் மூன்றரை ஆண்டுக் காலம் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. பாட்டி ஒவ்வொரு வியாழன் இரவும் யாசீன் ஓதிக்கொண்டிருந்தாராம். இறந்தவருக்காக ஓதுகிறோமா, இருப்பவருக்காக ஓதுகிறோமா என்று தெரியாமலே ஓதினேன் என்று அவரே நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

சிறுவனாக இருந்த நாளில் பாட்டனாரிடம் நாம் ஒருமுறை, சிங்கப்பூரில் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, 'கடை, பள்ளி, கப்பல்' என்றார். வேறெதுவும் அவர் சொல்லவில்லை. அந்நகரின் தாவரத் தோட்டத்தைப் பழைய தமிழர்கள் பூமலை என்பார்கள். 1859-இல் தொடங்கியது; உலகெங்கிலுமிருந்து வந்து பார்க்கிறார்கள். நம் பாட்டனார் முப்பத்திரண்டு ஆண்டுகளில் அதைப் பார்த்ததில்லை. அதற்கு நாளும் இல்லை, கூட வர ஆளும் இல்லை. பாட்டியோ அந்நகரைப் பார்க்காமலே அறிந்திருந்தார். கடித உறைகளின் முகவரிகளிலிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட் என்னும் பெயர்களும், கோடாலித் தைலத்தின் மணமும், கடலோரத்தில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது என்ற செய்தியும் அவருக்குத் தெரியும். நாகூருக்குக் கந்தூரி பார்க்கப் போகும்போதெல்லாம், 'இதே போல அங்கேயும் கடலோரம் ஒன்று இருக்கிறதாம்' என்பார்.

இப்போது நம் இளைய சகோதரி தன் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் சிங்கப்பூரில் இருக்கிறாள். மச்சான் பொறியாளர், வேலை அங்கே கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு போனார்கள். நாம் சென்றது அவர்களைப் பார்த்து வர என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நம் தாயார் நம்மிடம் ஒரு செய்தி கொடுத்து அனுப்பியிருந்தார். 'மாப்பிள்ளை இருந்து சம்பாதிக்கட்டும். பிள்ளைகளோடு அவளை அழைத்துக்கொண்டு வந்துவிடு. நம் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தோம்?' என்பது அச்செய்தி. தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல நம்மால் முடியவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று அதை மனத்தில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

சகோதரியின் வீடு பன்னிரண்டாம் மாடியில். போன புதிதில் ஆறு மாத காலம் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் தவிர வேறெங்கும் அவள் போகவில்லையாம். ஒருநாள் தவறான பேருந்தில் ஏறி, அது கடைசியாகப் போய் நிற்கும் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டாள். மலாய் மூதாட்டி ஒருவர் கைப்பிடித்து அழைத்து வந்து சரியான பேருந்தில் ஏற்றிவிட்டார். 'தொலைந்து போனால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்துவிட்டது, அண்ணே. அதற்கப்புறம் பயமில்லை' என்றாள். அந்த வாரம் முதல் ஞாயிறுதோறும் நகரின் ஒரு மூலையைத் தேர்ந்து நால்வரும் போய் வருகிறார்கள். போன இடத்தை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறாள். எந்த நிலையத்தில் இறங்குவது, தொழ இடம் எங்கே, ஹலால் உணவு எங்கே, எத்தனை வெள்ளி ஆயிற்று என்பவையே பெரும்பாலும். ஆங்காங்கே வேறு குறிப்புகளும் உண்டு. ஒரு பக்கத்தில், 'நாகூர் தர்கா. கடல் இல்லை' என்று மட்டும் இருந்தது.

நாம் போய்ச் சேர்ந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. 'மாமுவுக்குக் காட்ட வேண்டும்' என்று பிள்ளைகள் மீண்டும் அங்கேயே அழைத்துப் போனார்கள்.

தெலுக் ஆயர் என்பது தெருவின் பெயர். மலாய் மொழியில் தெலுக் என்றால் விரிகுடா. ஆயர் என்றால் நீர். பெயரில் மட்டும் நீர் இருக்கிறது. தெருவில் நின்று எத்திசை பார்த்தாலும் வானளாவிய கட்டடங்கள்தாம். அவற்றுக்கு நடுவே, அடுக்கடுக்கான மாடங்களோடு கூடிய சிறு மினாராக்களுடன், நாகூர் மினாராக்களைக் குழந்தைகள் மண்ணில் பிடித்து வைத்தது போல அந்தத் தர்கா நிற்கிறது. மருமகளுக்குப் பத்து வயது. நாம் ஊரில் பாட்டி சொன்ன கதையைச் சொன்னதும், 'கடல் எங்கே, மாமு?' என்று கேட்டாள்.

கடல் அங்கேதான் இருந்தது. 1819-இல் ஆங்கிலேயர் அத்தீவில் காலூன்றியபின், ஐந்தாண்டுக்குள், 1824-இல் எடுத்த முதல் குடிக்கணக்கில் 10,683 பேர் இருந்தனர். அவர்களுள் இந்தியர் 756 பேர். பினாங்கிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த தமிழ் முஸ்லிம்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். சூலியர் என்று அவர்களை அழைத்தார்கள். தோணிகளும் கப்பல்களும் வந்து நின்றது தெலுக் ஆயர் கரையில்தான். இறங்கியவன் கண்ணுக்கு முதலில் படும் இடத்தில், 1828-க்கும் 1830-க்கும் இடையில் அந்தத் தர்கா எழுந்தது. நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாகக் கட்டியதேயன்றி அங்கே அடக்கத்தலம் கிடையாது. கடலில் போகிறவர்கள் அவர்களை நினைத்துக்கொண்டு போவது நம் கரையோர வழக்கம். அவ்வழக்கத்தின் மார்க்க நிலை பற்றி நம் ஆலிம்களிடையே வாதம் நிறைய உண்டு. இங்கே அது நம் பேச்சன்று. கரையேறியவன் உயிரோடு வந்து சேர்ந்தோம் என்று மூச்சுவிட்ட இடம் அது என்பதே வரலாறு.

அதே தெருவில் சற்றுத் தள்ளி, 1839-இல் தொடங்கி 1842-இல் முடித்த சீனர் கோயில் ஒன்று இருக்கிறது. தியான் ஹோக் கெங் என்பது பெயர். கடலிற் செல்வோரைக் காப்பதாகச் சீனர் நம்பும் தெய்வத்துக்கு உரியது. அதற்கும் அப்பால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் கூரைக் குடிசையாக இருந்தமையால் அதைத் தமிழர்கள் குச்சுப் பள்ளி என்றார்கள். செங்கல் கட்டடம் 1850-களில் வந்தது. இன்றும் முதியோர் குச்சுப் பள்ளி என்றே சொல்கிறார்கள். ஒரே கரையில் இறங்கியவர்கள் அவரவர் முறையில் நன்றி செலுத்திய வரிசை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

1879-இல் தெலுக் ஆயர்க் கடலைத் தூர்க்கத் தொடங்கினார்கள். கரை விலகிப் போயிற்று. பின்னரும் தூர்த்தார்கள், மேலும் விலகிற்று. ஆகவே, நம் பாட்டனார் 1936-இல் அங்கு போய்ச் சேர்ந்தபோதே தர்காவின் முன் கடல் இருந்திருக்க இயலாது! இதை அந்தத் தெருவில் நின்று கணக்கிட்டபோது நமக்குத் திடுக்கென்றது. கடலோரத்து தர்கா என்று அவர் பாட்டிக்கு ஏன் எழுதினார்? அவருக்கு முன் போனவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னாரா? அல்லது நாகூரை அறிந்த பாட்டிக்கு விளங்கும் வண்ணம் எழுதினாரா? மூன்று தலைமுறையாக நம் வீட்டில் அந்தக் கடல் இருந்துவந்தது. சகோதரியின் நோட்டுப் புத்தகத்தில்தான் அது இல்லை என்று முதன்முதலாக எழுதப்பட்டது. போய்ப் பார்த்தவள் எழுதியது அது.

தர்காவில் இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் நடக்கிறது. 2011-இல் திறந்தார்கள். மருமகன் அங்குள்ள பழைய படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் படங்களைவிட அங்கிருந்த குளிர்சாதனம் பிடித்திருந்தது என்று நினைக்கிறோம்.

அங்கிருந்து நடந்தே சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போனோம். அங்கே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். நம்மவர்கள் பெரிய பள்ளி என்பார்கள். அன்சார் சாயபு என்பவரின் தலைமையில் 1826-இல் ஏற்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1830-களில் எழுந்தது. சாலையோரத்து வாசலில் எண்கோண வடிவில் இரு மினாராக்கள். உள்ளே நுழைந்தால் தொழுமிடம் வாசலுக்கு நேராக இல்லை, கோணலாகத் திரும்பி நிற்கிறது. 'ஏன் வளைத்துக் கட்டினார்கள்?' என்றான் மருமகன். தெரு ஒரு போக்கில் போகிறது, கிப்லா வேறு போக்கில் இருக்கிறது. வாசலைத் தெருவுக்கு ஒப்பவும் தொழுமிடத்தைக் கிப்லாவுக்கு ஒப்பவும் வைத்தார்கள் என்றோம். பையன் வெளியே போய் ஒருமுறை, உள்ளே வந்து ஒருமுறை நின்று பார்த்துச் சரி என்றான். இரண்டாண்டுகளில் அவன் அப்பள்ளிக்குப் பலமுறை வந்திருக்கிறான். அன்றுதான் அதைக் கவனித்தான். நாமும் அப்படித்தான், நம் ஊர்ப் பள்ளியின் தூண்கள் எத்தனை என்று கேட்டால் விழிப்போம்.

அதே வரிசையில் ஒரு குறுக்குத் தெரு தள்ளி மாரியம்மன் கோயில். அது 1827-ஐச் சேர்ந்தது. ஆற்றங்கரைப் பக்கம் சூலியர் குடியிருக்க ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்ததை 1828-இல் அச்சான பழைய நகர வரைபடத்தில் காணலாம். கப்பல் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும் தோணிகளைத் தொடக்க காலத்தில் பெரிதும் நம்மவர்களே செலுத்தினார்கள். அருகிலுள்ள சூலியா ஸ்ட்ரீட்டுக்கு முதலில் கிலிங் ஸ்ட்ரீட் என்று பெயர். கலிங்கம் என்பதிலிருந்து வந்த அச்சொல் நாளடைவில் இந்தியரை இழித்துரைக்கும் சொல்லாகிவிட்டது. இந்தியர்கள் முறையிட்டதன் பேரில் 1920-களின் தொடக்கத்தில் பெயரை மாற்றினார்கள். பாட்டி உறைகளில் படித்த பெயர் ஒரு வழக்காடிப் பெற்ற பெயர் என்பது நமக்கு இதுவரை தெரியாது. சேஞ்ச் அல்லியோ 1989-இல் இடிபட்டது. அப்பெயருடைய நடைபாதை ஒன்று புதுக் கட்டடத்துக்குள் இருக்கிறது. பாட்டனார் அமர்ந்திருந்த இடம் எது என்று மச்சான் விசாரித்துப் பார்த்தார், விடை கிடைக்கவில்லை.

எழுத்துத் துறையிலும் அந்நாளைய நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு 1872-இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. மகுதூம் சாயபு அவர்கள் 1887 ஜூன் 27-இல் சிங்கை நேசன் என்னும் வார ஏட்டைத் தொடங்கி 1890 வரை நடத்தினார்கள். அச்சகத்தின் பெயர் தீனோதயம். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் சொந்தமாக அச்சகம் வைத்து ஏடு நடத்தும் அளவுக்கு அவர்கள் அங்கே வேர்விட்டிருந்தார்கள் என்று நாம் இரவு உணவின்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். மருமகள் குறுக்கிட்டாள்.

'தோணி ஓட்டினது ஆண்கள், பள்ளி கட்டினது ஆண்கள், பேப்பர் போட்டது ஆண்கள். அம்மாக்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள், மாமு?'

ஊரில் இருந்தார்கள் என்பதே விடை. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூர் இந்தியரில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள். தமிழ் முஸ்லிம் வணிகரிடையே நிலைமை இதைவிட மோசமாக இருந்திருக்குமேயன்றி நன்றாக இருந்திராது. ஏன் அழைத்துப் போகவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு. கடைக்கு மேல்மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தவர்கள் குடும்பத்தை எங்கே வைப்பார்கள்? கப்பலின் மேல்தளப் பயணம் பெண்களுக்கு ஏற்றதன்று. இவற்றைவிட ஆழமான காரணமொன்றும் இருக்கிறது. நம் கரையோர ஊர்கள் பலவற்றில் வீடு என்பது பெண்ணுடையது. மகளுக்கு மணமாகும்போது வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறவன், போகிறவன். பெண் வீட்டை விட்டு நகர்வதில்லை. இவ்வழக்கம் நம் பெண்களுக்கு ஒரு பலத்தைக் கொடுத்தது. அதையே காரணமாக்கி ஆண்கள் அவர்களை அங்கேயே விட்டுவிட்டும் போனார்கள்.

போனவர்களிற் சிலர் அங்கே இன்னொரு குடும்பம் கண்டார்கள். நம் ஊர்களில் இதைப் பெரியவர்கள் பேசுவதில்லை. எனினும் வரலாறு பேசுகிறது. தமிழ் முஸ்லிம் தந்தையர்க்கும் மலாய்த் தாயர்க்கும் பிறந்தவர்கள் ஜாவி பெரானாக்கான் எனப்பட்டனர். 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்த முதல் மலாய்ச் செய்தித்தாளுக்கு அதுவே பெயர். அச்சமூகத்தார் நடத்தியதே அது. மலாய் இதழியலின் தொடக்கத்தில் நம் இரத்தம் கலந்திருக்கிறது என்று மேடையில் பேசுவோர் உண்டு. அதே வேளையில் இந்தக் கரையில் எத்தனை பெண்கள் கடிதத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பேசினால் நேர்மையாக இருக்கும்.

விலக்காக நின்றவர்கள் கடையநல்லூர், தென்காசி ஊர்களைச் சேர்ந்தவர்கள். நெசவு நலிந்து வறுமை மிகுந்தபோது கடையநல்லூர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். ஆண்கள் துறைமுகத்தில் உழைத்தார்கள். பெண்கள் மசாலா அரைத்தும் உணவுப் பண்டங்கள் செய்தும் விற்றார்கள். பெருவணிகராய்ப் போன கரையோரத்தார் இவர்களை அந்நாளில் சற்று ஏளனமாகப் பார்த்ததுண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் குழந்தைகளோடு போனவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946-இல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிற்று. அதற்குச் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள். 1982 வரை அது நடந்தது. இன்று அரசின் தமிழ்மொழி நிலையம் ஒன்று அப்பெயரைத் தாங்கியிருக்கிறது. கடை வைத்தவர்கள் நூறாண்டில் செய்யாததை மசாலா அரைத்தவர்களின் வீட்டார் செய்தார்கள்.

1953-இல் குடிவரவுச் சட்டம் இறுகியபின், இங்கும் அங்குமாக இருப்பது கடினமாயிற்று. அங்கேயே குடும்பத்தோடு இருப்பதா, ஊர் திரும்புவதா என்று பலரும் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. பாட்டனாரும் அந்நாளில் பாட்டியை அழைப்பதாகக் கடிதம் எழுதினாராம். பாட்டி மறுத்தாரா, பாட்டியின் தாயார் தடுத்தாரா என்பது பற்றி நம் குடும்பத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் மாலை மச்சானோடு பேசிக்கொண்டிருந்தபோது முன்ஷி அப்துல்லாஹ்வின் வாழ்க்கையை எடுத்துச் சொன்னோம். அறபும் தமிழும் ஓதிய நம் போன்றோர்க்கு அவர் நெருங்கியவர். மலாய் உரைநடைக்குப் புதுவழி கண்டவர் என்று போற்றப்படும் அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முப்பாட்டனார் யமன் நாட்டு அறபு; மார்க்கமும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர். நாகூர் வந்து அங்கேயே மணம் செய்துகொண்டார். அவருடைய மகன் மலாக்கா சென்று, மீரா லெப்பை என்பவரின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெரியாச்சி என்ற பெயரைப் பாருங்கள்! அந்த அம்மையார் மலாக்காவில் கம்போங் பாலி என்னும் பகுதியில் ஆண், பெண் குழந்தைகள் ஏறத்தாழ இருநூறு பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த ஆசிரியை. பாலி என்பது நம் பள்ளியே. அப்துல்லாஹ்வும் இளமையில் தமிழ் கற்றார். அந்நாள் மலாக்காவில் வசதியுள்ளோர் பிள்ளைகளைத் தமிழ் படிக்க வைப்பது வழக்கமாக இருந்தது.

இத்தகைய குடும்பத்தில் வந்த அப்துல்லாஹ் சிங்கப்பூர் தோன்றிய காலந்தொட்டு அங்கு போய் வந்தார். மொழி கற்பித்தார், கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். காடு அழிந்து தெருவானதை நேரில் கண்டு எழுதினார். எழுதியும் என்ன? மனைவி மக்கள் இருந்தது மலாக்காவில். இருபதாண்டுகள் அவர் அங்குமிங்குமாகவே அலைந்தார். 1840-இல் அவருடைய மனைவி மலாக்காவில் பிள்ளைப்பேற்றில் இறந்தார். அதன் பிறகே அப்துல்லாஹ் தம் குடியைச் சிங்கப்பூருக்கு மாற்றிக்கொண்டார். அந்நகரின் முதல் இருபது ஆண்டுகளை அவரைப் போல் எழுதியவர் இல்லை. அதை அவர் மனைவிக்குக் காட்டியதாக மட்டும் எங்கும் காணோம். 1843-இல் தம் வரலாற்றை எழுதி முடித்தார். 1849-இல் அது அச்சாயிற்று. 1854-இல் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் காலமானார்.

இதைச் சொல்லி முடித்தபோது மச்சான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சகோதரி பாத்திரம் கழுவும் ஓசை நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தாயாரின் செய்தியைச் சொல்ல அது நல்ல சமயமா, கெட்ட சமயமா என்று விளங்காமல் நாம் பேச்சை மாற்றினோம்.

இரண்டாம் ஞாயிறு தேக்காவுக்குப் போனோம். டன்லப் தெருவில் அப்துல் கபூர் பள்ளிவாசல். 1859 முதல் அங்கே மரத்தாலான பள்ளி ஒன்று இருந்தது. இப்போதுள்ளதை 1907-இல் தொடங்கி 1910-இல் முடித்தார்கள். சட்ட அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷைகு அப்துல் கபூர் என்பவரின் முயற்சி அது. தலைவாசலுக்கு மேலே சூரியனைப் போன்ற ஓர் அலங்காரம் இருக்கிறது. இருபத்தைந்து கதிர்கள், ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர் அறபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குர்ஆனில் பெயர் கூறப்பட்ட இருபத்தைந்து நபிமார்களை நம் மக்தபுகளில் மனப்பாடம் செய்விப்பது போல, அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். மருமகள் அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினாள். கழுத்து வலிக்கும் வரையில் பதினொன்றைப் படித்தாள். மீதியை அடுத்த முறை வந்து படிப்பதாகச் சொன்னாள். சகோதரி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, 'கபூர் பள்ளி. பதினொன்று' என்று எழுதிக்கொண்டாள்.

அந்த வட்டாரத்தில் தமிழ் எழுத்துக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் குறைவில்லை. மல்லிகைப் பூ விற்ற பெண்மணி சகோதரியிடம், 'போன வாரம் வரலையே' என்றார். நம் ஊர்க் கடைத்தெருவில் அவளை இப்படி விசாரிக்க இப்போது யாரும் இல்லை. அவள் வயதுப் பெண்கள் திருமணமாகி ஆளுக்கோர் ஊரில் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் இரவு. மறுநாள் காலையில் விமானம். இஷா தொழுகையை வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுவதென்று முடிவாயிற்று. வயதில் மூத்தவரும் ஓதியவரும் என்று நம்மை முன்னே நிறுத்தினார்கள். பின்னால் மச்சானும் மருமகனும். அவர்களுக்குப் பின்னால் சகோதரியும் மருமகளும். பதினைந்து நாள் தங்கும் நிய்யத் இல்லாதபடியால் நாம் பயணி. பயணி இமாமாக நின்றால் இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிடுவார். ஊரிலிருப்பவர்கள் எழுந்து மீதியைப் பூர்த்தி செய்ய வேண்டும். தொழுகைக்கு முன் இதை எடுத்துச் சொல்வது முறை. சொன்னோம். மருமகன், 'அப்படியென்றால் மாமுவுக்கு இரண்டு, எங்களுக்கு நான்கா?' என்று கேட்டான். ஆம் என்றோம். 'அம்மாவுக்கும் நான்கா?' என்றாள் மருமகள். சகோதரி நம்மைப் பார்த்தாள். அம்மாவுக்கும் நான்குதான் என்றோம்.

தொழுதோம். இரண்டாம் ரக்அத்தில் அமர்ந்து, அத்தஹிய்யாத் ஓதி, வலப்புறமும் இடப்புறமும் ஸலாம் கொடுத்தோம். நமக்குப் பின்னால் நால்வரும் தக்பீர் சொல்லி எழுந்து நிற்கும் ஓசை கேட்டது. அவர்கள் முடிக்கும் வரையில் நாம் திரும்பாமல் கிப்லாவை நோக்கியபடியே அமர்ந்திருந்தோம். தாயாரின் செய்தியை அன்றிரவும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து தாயாரிடம் அதைச் சொன்னபோது, அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தத் தர்காவுக்குப் போனாயா, கடலோரம்தானே என்று கேட்டார்.